கடல் இல்லாத ஊரில் கடல் வாட்ச்

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலைப் பார்க்கணும்னா கடலூர் பக்கமோ புதுச்சேரி பக்கமோ போகணும். எந்த வழியில் போனாலும் சுமார் நூறு கிலோமீட்டர். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஆழமான தண்ணீர் என்றால் கோமுகி அணை, அதை விட்டால் பாசனக் கிணறு. ஆனால் இங்கே இருக்கிற பழைய வாட்ச் ரிப்பேர் கடைகளில் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ஸீ கிங், ஸீ சீஃப், ஸீ ரெய்டர் என்று கடல் பெயர்களாகவே கிடக்கும். எல்லாம் ஃபாவ்ரே லூபா. கண்ணாடி போனது, முள் போனது, வெறும் டயல் மட்டும் மிஞ்சினது என்று ரகரகமாக.

கடலே பார்க்காத ஊருக்கு இத்தனை கடல் வாட்ச் எப்படி வந்தது? சில வருஷங்களாகப் பழைய வாட்சுகளைத் தேடி வாங்கிப் பழுது பார்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் எழுந்த கேள்விதான் இது. பதில் தேடப் போனால் சுவிட்சர்லாந்து, பம்பாய், பெங்களூரு, ஓசூர், கல்வராயன் மலை என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. கூடவே வேறொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. சேகரிப்பவர்கள் எப்போதும் கேட்கிற 'எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸா?' என்கிற கேள்வி. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் டைவ் வாட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் புகாத வாட்ச் எல்லாம் டைவ் வாட்ச் ஆகாது. ரோலெக்ஸ் 1926லேயே ஆய்ஸ்டர் என்று தண்ணீர் புகாத கேஸ் செய்துவிட்டது. மறுவருஷம் மெர்சிடிஸ் கிளிட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது அதை அணிந்து போனார், பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. ஆனால் அது நீந்துகிறவருக்கான வாட்ச். மூழ்குகிறவருக்கு வேண்டியது வேறு. 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் அக்வாலங் என்ற மூச்சுக் கருவியைச் செய்த பிறகுதான் மனிதன் குழாய் இல்லாமல், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்தில் நேரம் செலவழிக்க முடிந்தது. அப்படிச் செலவழிக்கும்போது இரண்டு கணக்கு முக்கியம். சிலிண்டரில் காற்று எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது என்பது ஒன்று. ஆழத்தில் இருந்த நேரத்துக்கு ஏற்ப ரத்தத்திலும் திசுவிலும் கரைந்துவிடும் நைட்ரஜன் மற்றொன்று. நேரம் தவறி அவசரமாக மேலே வந்தால் அந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகிவிடும். மூட்டு வலியில் ஆரம்பித்து பக்கவாதம், மரணம் வரை போகலாம். ஆக, தண்ணீருக்குள்ளே வாட்ச் என்பது அலங்காரம் இல்லை, உயிர்க் கருவி.

இதற்காகத்தான் கண்ணாடியைச் சுற்றி ஒரு திருகு வளையம் வைத்தார்கள். மூழ்கும் நேரத்தில் வளையத்தின் பூஜ்யத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டால் போதும். அப்புறம் எத்தனை நிமிஷம் ஆனது என்று கழித்துப் பார்க்க வேண்டியதில்லை, நேரே படிக்கலாம். 1953இல் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் கேட்டு பிளாங்க்பேன் செய்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ் இந்த வகையின் மூத்த பிள்ளை. அதே காலத்தில் ரோலெக்ஸ் சப்மரைனர், ஸோடியாக் ஸீ வுல்ஃப் எல்லாம் வந்தன. ஜப்பானில் ஸீக்கோ தன் முதல் டைவரை 1965இல் கொண்டுவந்தது.

ஃபாதம் என்பதற்கு நம் கடற்கரையில் சொல் இருக்கிறது, 'பாகம்'. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். மீனவர்கள் கயிறு விட்டு ஆழம் பார்க்கிற அளவு அது. ஐம்பது பாகம் என்றால் 300 அடி, மீட்டரில் 91க்குக் கொஞ்சம் மேலே. தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் கல்லைக் கட்டிக்கொண்டு கயிறு பிடித்து இறங்கினார்கள். மூச்சு அடக்குவது ஒரு நிமிஷத்தைச் சுற்றித்தான். நேரத்தைக் காவல் காத்தது தோணியில் கயிறு பிடித்து நின்றவரின் கை. கையில் கட்டும் கருவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மூச்சே கடிகாரம்.

இன்றைக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தர விதி இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும். சொன்ன ஆழத்தைவிட நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று நேரம் படிக்க முடிய வேண்டும். 24 மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்து எழ வேண்டும். இதெல்லாம் தேறினால்தான் டைவர்ஸ் வாட்ச் என்று போட்டுக்கொள்ளலாம். கோமுகி அணையின் முழுக் கொள்ளளவில் தண்ணீர் 46 அடி, அதாவது 14 மீட்டர். ஏழு கோமுகி அணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இந்த விதியின் அடிமட்ட ஆழமே வருகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊர் இழுப்பறையில் கிடக்கும் ஸீ சீஃப்பும் ஸீ கிங்கும் டைவ் வாட்சே இல்லை. வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இணையத்தில் இவற்றை 'விண்டேஜ் டைவர்' என்று தலைப்புப் போட்டு விலை ஏற்றி விற்கிறார்கள். பெயரில் கடல் இருக்கிறது, சிலவற்றின் பின்மூடியில் கடல் சம்பந்தமான சித்திரமும் இருக்கிறது. மற்றபடி திருகு வளையம் கிடையாது, ஆழம் தாங்கும் கேஸ் கிடையாது. வேட்டி சட்டைக்குப் பொருந்துகிற, மெலிசான, சாவி கொடுக்கிற வாட்ச். ஃபாவ்ரே லூபாவின் உண்மையான கடல் வாட்சுகள் வேறே. 1960களில் வந்த டீப் ப்ளூ நிஜமான டைவர். அதற்குப் பின்னால் வந்த பாத்தி இன்னும் விசேஷம். அது நேரத்தோடு ஆழத்தையும் காட்டும். பின்மூடியில் ஓட்டை போட்டிருப்பார்கள்! தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து ஒரு மெல்லிய உலோகச் சவ்வை அழுத்தும், சவ்வின் அசைவு முள்ளை நகர்த்தும். சவ்வுக்கு அப்பால் மெஷின் பத்திரமாக இருக்கும். வாட்சுக்குள் தண்ணீரை வரவழைத்து ஆழம் அளக்கும் அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். 50 மீட்டர் வரை காட்டும் அந்த வாட்சைக் கோமுகி அணையின் அடிமட்டத்தில் பிடித்தால் 14இல் நிற்கும். அதற்கு அண்ணன் 1962இல் வந்த பிவாக். அது காற்றழுத்தம் பார்த்து மலை உயரம் சொல்லும். இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரமுள்ள கல்வராயன் மலைக்காரர்களுக்கு ஃபாவ்ரே லூபாவில் பொருத்தமான வாட்ச் என்றால் அதுதான். ஆனால் இந்தப் பக்கத்துக் கடைகளில் ஒரு பிவாக்கையோ பாத்தியையோ இதுவரை நான் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் ஸீ கிங், ஸீ சீஃப்.

ஏன் இவை மட்டும் வந்தன? அதற்கு பம்பாய்க்குப் போக வேண்டும். ஃபாவ்ரே குடும்பம் 1737லிருந்து கடிகாரத் தொழிலில் இருப்பதாகக் கணக்குச் சொல்லும். அந்தக் குடும்பத்தின் ஃபிரிட்ஸ் ஃபாவ்ரே காலத்தில், 1865இல், பம்பாயில் கால் வைத்தார்கள். அதன் பிறகு நூறு வருஷம் இந்தியா அவர்களுடைய பெரிய சந்தை. இங்கேயே கடை, இங்கேயே விநியோகம், சின்ன ஊர் வரை டீலர். இதே பம்பாய் வழியாக வந்த இன்னொரு சுவிஸ் பெயர் வெஸ்ட் எண்ட். அதன் சோவார் பிரீமா, குதிரைப்படைச் சிப்பாயின் பெயரையே வைத்துக்கொண்டு முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் கையில் ஏறியது. பழைய பட்டாளத்துக்காரர் வீடுகளில் இன்றும் வெஸ்ட் எண்ட் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் 'வாட்டர்ப்ரூஃப்' என்கிற வார்த்தைக்கு இந்தியாவில் இருந்த மதிப்பே தனி. (இப்போது அந்த வார்த்தையைப் போடவே தர விதிகள் விடுவதில்லை, வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றுதான் சொல்லணும்.) இங்கே வாட்சுக்கு எதிரி ஆழக்கடல் அல்ல. வியர்வை, புழுதி, ஐப்பசி மழை. கரும்பு வெட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், மலையேறி வேலைக்குப் போகிறவர் கையில் வாட்ச் தாங்கணும். கடல் பெயர் வைத்தால் அந்தத் தாங்கும் சக்தி பெயரிலேயே வந்துவிடுகிறது. ஸீ கிங் கட்டினவர் ராஜாவாக உணர்ந்திருப்பார், கடலாக உணர்ந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த கட்டம்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். 1957-58 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் சுலபமாக உள்ளே வர முடியாது. வாட்சும் அப்படித்தான், வாட்ச் ஸ்பேரும் அப்படித்தான். 1961இல் பெங்களூருவில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அந்த சிட்டிசன் 1959லேயே பாராவாட்டர் என்ற தண்ணீர் புகாத வாட்சைச் செய்திருந்தது. 1963இல் மிதவைகளில் வாட்சைக் கட்டி பசிபிக் கடலில் மிதக்கவிட்டுச் சோதனையும் போட்டது. நம் எச்.எம்.டி. டயல்களில் 'பாராஷாக்' என்று எழுதியிருக்குமே, அது அந்தக் குடும்பத்துச் சொல். அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. ஜனதா, பைலட், சோனா எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தன. ஆனாலும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு 'ஃபாரின் வாட்ச்' போடணும் என்கிற ஆசை போகவில்லை. பம்பாயில் இறங்கும் கடத்தல் சாமான், 1969இல் சென்னையில் பர்மா பஜார் வந்த பிறகு அங்கே கிடைப்பது, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து வருபவர் கையில் கட்டி வருவது என்று ஏதோ ஒரு வழியில் சுவிஸ் வாட்ச் வந்துகொண்டே இருந்தது. வந்த வாட்ச் கெட்டால்? ஸ்பேர் இல்லை.

இங்கேதான் நம் ஊர் வாட்ச் ரிப்பேர்க்காரர் வரலாற்றுக்குள் நுழைகிறார். மூன்றடிக்கு நாலடி கண்ணாடிப் பெட்டி, ஒற்றைக் கண்ணில் லென்ஸ், ட்வீசர், கழுவுவதற்குச் சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல். கம்பெனி ஸ்பேர் கிடைக்காதபோது அவர் என்ன செய்வார்? இரண்டு செத்த வாட்சிலிருந்து ஓர் உயிருள்ள வாட்ச் செய்வார். இதன் முள், அதன் சாவி, எதற்கோ வாங்கின கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்தியது. டயல் கறுத்துப்போனால் பழைய பெயின்ட்டை எடுத்துவிட்டு, புதிதாக நிறம் அடித்து, எழுத்தை மறுபடி அச்சுப் போட்டுத் தருகிற பட்டறைகள் இருந்தன. வாட்ச் புதுசு மாதிரி ஆகிவிடும். வாடிக்கையாளர் கேட்டதும் அதைத்தான். 'பழசு மாதிரி இருக்கணும்' என்று எவரும் காசு கொடுத்துக் கேட்டதில்லை.

இணையம் வந்தபோது இந்த வாட்சுகள் இந்தியாவிலிருந்து உலகத்துக்கே விலைக்குப் போக ஆரம்பித்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. மரியாதையான பெயர் இல்லை. ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று பளிச்சிடும் டயல், தடித்த எழுத்து, நிமிடக் கோடுகள் மணிப் புள்ளிகளுக்கு நேராக நிற்காமல் லேசாகச் சறுக்கி நிற்பது, ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் மேட் என்ற சின்ன எழுத்து காணாமல் போயிருப்பது. பார்த்துப் பழகினால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதை 'ஃபிராங்கன்' என்பார்கள், அந்தப் பிணங்களைத் தைத்து உருவாக்கிய கதைப் பாத்திரத்தின் பெயரால். இப்படிக் கட்டினதைப் புதிதாக அலமாரியிலிருந்து எடுத்த பழைய சரக்கு என்று பொய் சொல்லி விற்றால் அது மோசடிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 1975இல் ஒரு கள்ளக்குறிச்சிக்காரருக்காக டயலுக்குப் பெயின்ட் அடித்தவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் அந்த வாட்சை ஓட வைத்தார், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு வாட்சை வைத்துச் சொல்கிறேன். என்னிடம் இருக்கும் ஸீ சீஃப், கல்வராயன் மலையில் வேலை பார்த்த ஒரு வாத்தியாருடையது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தவர். அவருடைய பேரன் எனக்குக் கொடுத்தார். மலை அப்போது இப்போது மாதிரி இல்லை. 1976 வரைக்கும் அங்கே ஜாகீர்தார்கள் அதிகாரம். சுதந்திரம் வந்து முப்பது வருஷம் ஆகப்போகிற சமயத்தில்தான் ஜாகீர் ஒழிந்தது. கச்சிராயப்பாளையம் வரை பஸ், அதற்கு மேல் நடை. பள்ளிக்கூட மணி, தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிப்பதற்கு நேரம் சொன்னது இந்த வாட்ச். இந்த வாட்சுக்கு நேரம் சொன்னது காலை ஏழேகால் மணி டெல்லித் தமிழ்ச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் வரும் 'பீப்' சத்தம். ரேடியோ பேட்டரி தீர்ந்த வாரங்களில் பள்ளிக்கூடம் மொத்தமும் இந்த ஒரு மெஷினை நம்பித்தான் ஓடியது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேலே ஒரு ஸீ சீஃப்!

பின்மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் ஊசியால் கீறின எழுத்துக்கள். உலகம் முழுக்க வாட்ச் ரிப்பேர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. சர்வீஸ் செய்த தேதியையும் தங்கள் குறியையும் மூடியின் உட்புறத்தில் கீறி வைப்பார்கள், அடுத்த முறை வரும்போது தெரிந்துகொள்ள. இதில் மூன்று கீறல். 7-71, 11-75, 3-79. முதல் இரண்டுக்குப் பக்கத்தில் ஒரே குறி, மூன்றாவதற்கு வேறு கை. முதல் இரண்டுக்கும் இடையே நாலு வருஷம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே மூணரை வருஷம் கூட இல்லை. சரியாகப் பராமரித்திருக்கிறார் மனுஷன்.

டயல் வான நீலம். ஃபாவ்ரே லூபா இப்படி ஒரு நீலம் போட்டதே இல்லை என்று பார்த்ததுமே தெரியும், எழுத்தும் தடிமன். டயலைக் கழற்றி ஓரத்தைப் பார்த்தால், கேஸ் விளிம்பு மூடியிருந்த இடத்தில் ஒரு மயிரிழை அகலத்துக்குப் பழைய வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கிறது. ஆக, 'மும்பை ஸ்பெஷல்' இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிற வாட்ச். பேரனிடம் கேட்டேன். 1979இல் அவருடைய அம்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புது வாட்ச் வாங்க வாத்தியாரால் முடியவில்லை. தன் கையில் கட்டியிருந்ததைக் கழற்றி, டயலைப் புதுசாக்கி, புதுப் பட்டை போட்டுக் கொடுத்தார். 3-79 அந்தக் கீறல்தான். மாப்பிள்ளைக்கு இது தெரியுமா என்று கேட்டதற்கு, 'அப்பாவுக்கு முதல் நாளே தெரியும், மாமனார் கையில வெள்ளையா வாட்ச் தடம் தெரிஞ்சுதாம்' என்று சிரித்தார்.

இப்போது சேகரிப்பாளரின் தர்மப்படி நான் என்ன செய்ய வேண்டும்? இதே மாடலுக்கு வெள்ளி நிற ஒரிஜினல் டயல் தேடினால் கிடைக்கும். வேறொரு செத்த வாட்சிலிருந்து கழற்றினது. அதைப் போட்டு, கேஸை மாற்றி, கீறல் இல்லாத பின்மூடி ஒன்று பிடித்துப் போட்டால் 'எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ்' என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லலாம். விலையும் இரண்டு மூன்று மடங்காகும், ஏனென்றால் பழைய வாட்ச் விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். வாட்ச் விஷயத்தில் என் மதிப்புக்குரிய ஒரு நண்பர் அதைத்தான் செய்யச் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்படிச் செய்தால் அந்த வாட்சில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் ஒரிஜினல், ஆனால் வாத்தியாரின் வாட்ச் இருக்காது. வேறு யாருடைய வாட்சிலிருந்தோ வந்த டயல் தொழிற்சாலைக்கு உண்மையாக இருக்கலாம். 1979க்கு உண்மையாக இருக்காது.

ஒரிஜினல் என்ற சொல் எந்தக் கணத்தைக் குறிக்கிறது என்பதுதான் சிக்கல். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த கணத்தையா? அப்படியென்றால் வாட்சுக்கு நடந்த எல்லாமே சேதம் என்றாகிவிடும். ஒரு டீப் ப்ளூவோ பழைய சப்மரைனரோ என்றால் எனக்கும் தொழிற்சாலைக் கணம்தான் முக்கியம். அங்கே ஆராயவேண்டியது வடிவமைப்பு, ஒரு கருவி எப்படிச் செய்யப்பட்டது என்பது. நம் ஊர் ஸீ சீஃப்பில் வடிவமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இல்லை, ஏராளமாகச் செய்து விற்றார்கள். அது எதற்குச் சாட்சி என்றால், ஸ்பேர் கிடைக்காத ஒரு நாட்டில் மனிதர்கள் எப்படி ஒரு மெஷினைத் தலைமுறை தாண்டி ஓட வைத்தார்கள் என்பதற்கு. அந்தச் சாட்சியை அழித்துத்தான் அதை 'ஒரிஜினல்' ஆக்க முடியும்.

நிஜ டைவ் வாட்சிலும் இந்தச் சிக்கல் வேறு ரூபத்தில் வருகிறது. தண்ணீரைத் தடுப்பது கேஸ் இல்லை, ரப்பர் வாஷர். பின்மூடிக்கு ஒன்று, சாவித்தண்டுக்கு ஒன்று. அறுபது வருஷத்து ஒரிஜினல் வாஷர் இறுகிப் பொடிப்பொடியாகியிருக்கும், அல்லது தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். அதை மாற்றாமல் வைத்தால் ஒரிஜினல், ஆனால் தண்ணீரில் இறங்க முடியாது. மாற்றினால் இறங்கலாம், ஆனால் ஒரிஜினல் அல்ல. எந்தத் தீவிரச் சேகரிப்பாளரும் வாஷரை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை, சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று ஒளிப் புள்ளிகள். இதைப் படிக்கிற யாராவது வீட்டில் தாத்தா வாட்சைத் திறக்க நினைத்தால் தயவுசெய்து இந்தப் பத்தியை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். இருட்டில் ஒளிர்வதற்காக 1960கள் வரை ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். அமெரிக்காவில் அதைப் பூசிய தொழிற்சாலைப் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை அரித்துச் செத்தது 1920களின் பெரிய கொடுமை. அறுபது வருஷப் பழைய டயல் இப்போது ஒளிராது. ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு கெட்டுவிட்டதுதான் காரணம், ரேடியம் தீர்ந்துவிடவில்லை. அதன் அரையாயுள் 1600 வருஷம். அறுபது வருஷத்தில் அது நூற்றுக்கு மூன்று பங்கு கூடக் குறைந்திருக்காது. அதற்குப் பின்னால் வந்த டிரிட்டியத்துக்கு அரையாயுள் பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அறுபது வருஷத்தில் முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். டயலின் அடியில் 'டி' என்ற எழுத்து இரண்டு பக்கமும் இருந்தால் டிரிட்டியம். இல்லாமல் பழுப்பேறிய புள்ளி இருந்தால், சந்தேகத்தின் பலனை வாட்சுக்குக் கொடுக்காதீர்கள். ரேடியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஒரிஜினல் ஒளிப் புள்ளியைக் காப்பாற்றுகிறேன் என்று தூசியை மூச்சில் இழுத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் நம் ஊர் டயல் பட்டறைகளில் அதைச் சுரண்டினவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

இனி ஃபாவ்ரே லூபாவின் கதை முடிந்த விதம். அல்லது முடியாத விதம். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஸீக்கோ குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு வைத்தது. அடுத்த பதினைந்து வருஷத்தில் சுவிஸ் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தன. 1980களில் ஃபாவ்ரே லூபாவும் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. அதே 1980களில் தமிழ்நாட்டில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் டைட்டன் ஆரம்பித்தார்கள். ஆரம்பத்திலிருந்தே குவார்ட்ஸ். எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் காலம் அங்கிருந்துதான் தேய ஆரம்பித்தது. 2016இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டைட்டனோ 2011இல் ஃபாவ்ரே லூபா பெயரையே விலைக்கு வாங்கியது. கள்ளக்குறிச்சி இழுப்பறையில் கிடக்கும் ஸீ சீஃப்பின் பெயருக்கு, ஓசூரிலிருந்து வளர்ந்த ஒரு கம்பெனி சொந்தக்காரர்! அவர்கள் காலத்தில் பழைய பாத்தியின் வாரிசாக 120 மீட்டர் வரை ஆழம் காட்டும் ரெய்டர் பாத்தி ஒன்றும் வந்தது. நல்ல வாட்ச். ஆனாலும் வியாபாரம் கைகொடுக்கவில்லை, 2023இல் பெயர் மறுபடி கைமாறியது.

எங்கள் ஊர்க் கடைகளோ ஒவ்வொன்றாக மூடுகின்றன. கடைக்காரர் இறந்ததும் பிள்ளைகள் முதலில் செய்கிற வேலை, அந்தச் சின்னச் சின்ன டப்பாக்களை மொத்தமாகப் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடுவது. பேலன்ஸ் வீல், மெயின் ஸ்பிரிங், சாவி, முள் என்று ஐம்பது வருஷம் பிரித்துப் பிரித்துச் சேர்த்தது. அதற்கு நடுவே சர்வீஸ் நோட்டும் போய்விடும். எந்தத் தெரு, எந்த வாட்ச், என்ன கோளாறு, எவ்வளவு கூலி என்று எழுதின நோட்டு. ஒரு தாலுகாவில் எந்த வருஷம் யார் கையில் வாட்ச் ஏறியது என்று சொல்ல அதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு கடை மூடுவதாகத் தெரிந்தால் டப்பாவை விட்டாலும் பரவாயில்லை, நோட்டைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் பக்கங்களைப் படம் எடுங்கள்.

வாத்தியார் வாட்சுக்கு நான் செய்தது இவ்வளவுதான். ட்வின் பவர் மெஷின், இரண்டு ஸ்பிரிங் பேரல். இரண்டுக்கும் ஸ்பிரிங் தேட ஏழு மாதம் ஆனது. வாஷர் புதுசு. கண்ணாடியில் இருந்த கீறலை மட்டும் தேய்த்து எடுத்தோம். கேஸுக்குப் பாலீஷ் போடவில்லை. நீல டயல் அப்படியே இருக்கிறது. வேலை செய்த பெரியவர் எழுபதைத் தாண்டியவர். மூடியைப் போடுவதற்கு முன்னால் நான் கேட்காமலேயே ஊசியை எடுத்து, 3-79க்குக் கீழே தேதியையும் தன் முதலெழுத்தையும் கீறினார். அப்புறம் ரசீதில் வாட்ச் பெயர் என்ற இடத்தில் 'ஸீ சீஃப்' என்று எழுதி, அதற்கு அடியில் வழக்கமான வரியையும் சேர்த்துக் கொடுத்தார்: தண்ணி பட்டால் கடை பொறுப்பல்ல.